புதிய முழங்காலும் பழைய எலும்பும்

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு அறிவுரைகள் தவறாமல் கிடைக்கும். "பிசியோவை விட்டிடாதேங்கோ, விட்டால் கால் இறுகிப் போயிடும்" என்பது ஒன்று. "நல்லா நடவுங்கோ, பால் குடியுங்கோ, எலும்பு பலப்படும்" என்பது மற்றது. சொல்பவர்களின் அக்கறையில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் பயிற்சியை எங்கே, யார் முன்னிலையில், எவ்வளவு காலம் செய்வது என்று கேட்டால் முதல் அறிவுரை தடுமாறுகிறது. இரண்டாவது அறிவுரையோ, நடை செய்யாத ஒரு வேலையை நடையின் கணக்கில் எழுதிவிடுகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வு முடிவுகளையும் குடாநாட்டு வீடுகளின் நிலைமையையும் அருகருகே வைத்து இந்த இரண்டையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

சத்திரசிகிச்சையைப் பற்றி அதிகம் வாதாட இடமில்லை. தேய்ந்த மூட்டுப் பரப்பைச் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ற் குரோமியம் கலந்த உலோகக் கவசமும் கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டும் பொருத்தி, நடுவில் பொலிஎதிலீன் வைக்கிறார்கள். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சோலும் அவருடைய சகாக்களும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த வடிவமே இன்றைய செயற்கை முழங்கால்களுக்கு மூலம். அந்தக் குழுவில் இருந்த சித்தரஞ்சன் ரணாவத் இந்தியாவில் பிறந்தவர். 2000 ஒக்ரோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலையும், 2001 யூனில் வலது முழங்காலையும் மும்பையில் மாற்றியவர் அவர்தான். அந்தச் செய்திக்குப் பிறகே நம் பகுதிகளில் பலர் இப்படியொரு வைத்தியம் இருப்பதை அறிந்தார்கள். 2019இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஒரு கணிப்பின்படி, முழுமையாக மாற்றிய முழங்கால்களில் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்கும். பொருத்தப்படும் உலோகம் நம்பகமானது. ஆனாலும் கனடாவின் ஒன்ராறியோவில் 2010இல் கேட்டுப் பார்த்தபோது ஐந்து பேரில் ஒருவர் அளவில் தமக்குத் திருப்தியில்லை என்றார்கள். குறை எங்கோ இருக்கிறது. உலோகத்தைச் சுற்றியிருக்கும் தசையிலும், உலோகத்தைத் தாங்கும் எலும்பிலும், வீட்டுக்கு வந்த பிறகு கழியும் மாதங்களிலும் அதைத் தேடவேண்டும்.

இங்கே இந்தச் சத்திரசிகிச்சைக்கு வரும் வயதினர் யார் என்பதையும் மனதில் கொள்ளவேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தவர்கள் அவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளையே வாகனமாகக் கொண்டு குடும்பம் நடத்தியவர்கள். வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து களை பிடுங்கியவர்கள். பிள்ளைகளில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பு, அதே வயதான கணவனிடமோ மனைவியிடமோதான் வந்து சேர்கிறது. மறுவாழ்வு பற்றி எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும் அது இந்த வீட்டுக்குள் செல்லுபடியாகவேண்டும்.

முதலில் தசை. சத்திரசிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் தொடையின் முன்புறத் தசை தன் பலத்தில் 60 சதவீதத்துக்கு மேல் இழந்திருப்பதை அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்தில் மிஸ்னரும் சகாக்களும் 2005இல் அளந்து காட்டினார்கள். தசையின் பருமன் அவ்வளவாகக் குறையவில்லை, பத்து வீதமளவில்தான் குறைந்தது. தசை இருக்கிறது, அதை இயக்கும் நரம்புக் கட்டளை வரவில்லை. மூட்டில் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது முள்ளந்தண்டு மட்டத்திலேயே அந்தக் கட்டளை அடக்கப்படுகிறது. கால் தன்னுடையதே இல்லைப் போல இருக்கிறது என்று நோயாளி சொல்வது மனப்பிரமையில்லை. அவர் சொல்வது உடலியல் உண்மை.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை எளியது. முதல் வாரங்களில் வீக்கத்தை இறக்குவதே பயிற்சிக்கு வழிவிடும். காலை உயர்த்தி வைத்தல், துணியில் சுற்றிய ஐஸ், பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலை நீட்டிப் படுக்கையோடு அழுத்துதல். நம் வீடுகளில் அன்பினால் நடக்கும் இரண்டு காரியங்கள் இதற்கு நேர் எதிரானவை. ஒன்று, புதிதாகத் தைத்த காயத்தின் மேல் எண்ணெய் பூசிச் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் புக்கை கட்டுவதும். முறிவு நெரிவு வைத்தியத்துக்கு யாழ்ப்பாணத்தில் நெடிய மரபு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் உள்ளே உலோகம் வைத்துத் தைத்த மூட்டில் கிருமி தொற்றினால் அந்த மூட்டையே கழற்றி எடுக்க நேரலாம். காயம் முழுதாக ஆறி, சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை அதன்மேல் எதுவும் வேண்டாம். மற்றது, முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது. அப்போதைக்குச் சுகமாகத்தான் இருக்கும். அப்படியே நாட்கள் போனால் கால் முழுதாக நீள மறுத்துவிடும். நீளாத கால் ஒவ்வொரு எட்டிலும் நோகும். எல்லோரும் "எவ்வளவு மடியுது?" என்றுதான் கேட்கிறார்கள். "முழுக்க நீளுதா?" என்ற கேள்வியே முந்தியது.

இனி முதல் அறிவுரை. பயிற்சி வைத்தியசாலையில், இயன்மருத்துவர் முன்னிலையில், கிழமைக்குப் பலமுறை நடந்தால்தான் பலன் என்பது பரவலான நம்பிக்கை. இந்த நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் மிகுந்த விலை கேட்கிறது. நெடுந்தீவிலிருந்து வருகிறவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடிக்கவேண்டும். மருதங்கேணியிலிருந்து வருகிறவருக்கு ஓட்டோக் கூலியே பெரும் சுமை. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு முடங்கிய மாதங்களில் கிளினிக்குக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்தது. போகமுடியாமல் போனவர்கள், "நான் பிசியோவை விட்டுவிட்டேன், என்னுடைய கால் இனிச் சரிவராது" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் இருக்கிறதா?

இல்லை என்பதே ஆய்வுகள் தரும் விடை. ரொறன்ரோவில் 234 பேரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளிவந்த ஆய்வில், மறுவாழ்வு நிலையத்தில் தங்கிப் பயிற்சி பெற்றவர்களும் நேரே வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்தவர்களும் ஓராண்டின் முடிவில் ஒரே நிலையில் இருந்தார்கள். சிட்னியில் நடந்து 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. 165 பேர். ஒரு பகுதியினர் பத்து நாள் மறுவாழ்வு விடுதியில் தங்கிவிட்டு வீட்டுப் பயிற்சிக்குப் போனார்கள். மற்றவர்கள் நேரே வீட்டுப் பயிற்சிக்குப் போனார்கள். 26 வாரங்களின் பின் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது இரண்டு குழுவும் ஏறத்தாழ 403 மீற்றர். வேறுபாடு ஒரு மீற்றரளவில்தான். பிரித்தானியாவில் 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஆறு வாரத்திலேயே பின்தங்கியிருந்த 334 பேரை மட்டும் தெரிந்தெடுத்தது. விசேட கவனம் இவர்களுக்காவது உதவும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். இயன்மருத்துவர் நேரில் நடத்திய பயிற்சியும், அவர் இடையிடையே பார்வையிட்ட வீட்டுப் பயிற்சியும் ஓராண்டின் பின் வேறுபடவில்லை.

மூன்று நாடுகள், மூன்று விதமான நோயாளர்கள், ஒரே விடை. இதைத் தற்செயல் என்று தள்ளமுடியாது. நெடுந்தீவு அம்மா தன் வீட்டு விறாந்தையில் செய்யும் பயிற்சி இரண்டாந்தரமானதில்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஆனால் இந்த ஆய்வுகளை வைத்து இயன்மருத்துவரே தேவையில்லை என்று யாரும் வாதிட்டால், அது ஆய்வைத் திரித்துப் படிப்பது. அந்த 'வீடு' எப்படிப்பட்ட வீடு என்று பார்க்கவேண்டும். சிட்னியில் வீட்டுக்குப் போனவர்கள் கையில் எழுதிய பயிற்சித் திட்டத்தோடு போனார்கள். சில வெளிநோயாளர் வகுப்புகளும் அவர்களுக்கு இருந்தன. சிக்கல் ஏற்பட்டவர்கள் ஆய்வுக்குள் எடுக்கப்படவில்லை. பிரித்தானிய ஆய்விலும் வீட்டுப் பயிற்சிக்காரரை இயன்மருத்துவர் பார்வையிட்டார். சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாட்களில் எழுப்பி நடத்தும் வேலை எல்லா இடத்திலும் முறையாக நடந்திருந்தது. அங்கெல்லாம் வீட்டிலும் பொறுப்பான ஒரு கண் நோயாளியைத் தொடர்ந்தது. டிஸ்சார்ஜ் அட்டையும் மாத்திரைப் பக்கெற்றும் கொடுத்து, "வீட்டில நடவுங்கோ" என்று அனுப்புவதை இந்த ஆய்வுகள் எதுவும் சோதிக்கவில்லை. அதற்கு இவை சான்றாகவும் முடியாது.

அந்தக் கண் எதற்கு? ஆறாவது வாரத்திலும் முழங்கால் 90 பாகையை எட்டாவிட்டால், மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சையை யோசிக்கவேண்டி வரும். அது மூன்று மாதத்துக்குள் நடந்தால் பலன் கூட. ஆறு மாதம் கழித்து, "கால் மடியேல்லை" என்று வருகிறவருக்கு அந்த வாசல் ஏறத்தாழ மூடிவிடுகிறது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி நோவது, மூச்சு வாங்குவது, காயத்தில் நீர் கசிவது, காய்ச்சல் ஆகியவற்றை வீட்டிலிருப்பவர் அடையாளம் காணவேண்டும். இவற்றுக்குப் பயிற்சி மருந்தில்லை. உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் சமூகத்தில், காயத்தின் கசிவைச் சாதாரணமாக எடுக்கவே கூடாது.

இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரம் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2014இல் 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அந்த இயந்திரத்தால் கிடைத்த கூடுதல் மடிப்பு சராசரியாக 2 பாகை. அதற்குக் காசு செலவழிக்கவேண்டாம். சைக்கிள் பற்றிய முடிவு யாழ்ப்பாணத்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஜேர்மனியில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், நிலையான சைக்கிள் மிதித்தல் இடுப்பு மாற்றியவர்களுக்கு நன்மை தந்தது. முழங்கால் மாற்றியவர்களுக்கு அப்படி ஒரு கூடுதல் நன்மை தெரியவில்லை. மூன்றாம் நான்காம் மாதத்தில் மறுபடி சந்தைக்குச் சைக்கிளில் போக முடிவது வாழ்க்கைக்குப் பெரிய நன்மை. அந்த நன்மை பயிற்சியின் பலன். பயிற்சிக்குப் பதிலாக அதைக் கொள்ளக்கூடாது.

பயிற்சியின் கடுமை பற்றிய ஆதாரம் என் எதிர்பார்ப்புக்கு எதிராகவே இருக்கிறது. பாரம் கூட்டிக் கடுமையாகச் செய்த குழுவையும் மென்மையாகச் செய்த குழுவையும் அமெரிக்காவில் 162 பேரிடம் ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில் வேறுபாடு இல்லை. தொடக்க வாரங்களில் தசைக்குக் கட்டளையே போகாதபோது, எவ்வளவு பாரம் ஏற்றியும் என்ன பயன் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் விளக்கம் ஆதாரமாகாது. இரண்டு மாதத்துக்குப் பின் தொடங்கும் பயிற்சியை 240 பேரிடம் சோதித்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், சராசரி மதிப்பெண்ணில் குழுக்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்களின் தொகை, பயிற்சிக் குழுக்களில் சும்மா இருந்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அந்தப் பயிற்சி கிளினிக்கில் நடந்ததா, முதியோர் கூடும் மண்டபத்தில் நடந்ததா என்பது இதை மாற்றவில்லை. இதை வைத்து நான் எடுக்கும் முடிவு அடக்கமானது. முதல் ஆறு வாரத்தில் கடுமை தேவையில்லை, ஒழுங்கு தேவை. ஆறு வாரத்தோடு நிறுத்திவிடுவது பிழை. பலத்தைக் கூட்டும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. கைப்பிடி இல்லாத கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருத்தல். விறாந்தைப் படியில் ஏறி இறங்குதல், முதலில் பழைய காலால், பிறகு புதிய காலால். சுவரைப் பிடித்துக் குதிக்கால் உயர்த்துதல். மேசையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்றல். எண்ணிக்கையைக் கூட்டுவது, பிறகு கதிரையின் உயரத்தைக் குறைப்பது, பிறகு பிடியைக் கைவிடுவது. மற்றக் காலை மறக்கக்கூடாது, அதுவும் பெரும்பாலும் தேய்ந்த கால்தான். முன்னேற்றத்தை அளக்க மணிக்கூடு போதும்: முப்பது வினாடியில் கதிரையிலிருந்து எத்தனை தடவை எழும்ப முடிகிறது என்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தப் பயிற்சிகளுக்குப் பெரும் தடையாக இருப்பது சோம்பலோ வறுமையோ இல்லை. வீட்டாரின் அன்பு. "அம்மா, நீங்கள் எழும்பாதேங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்று பிள்ளை சொல்வதும், "கவனம், வெளியில போகாதேங்கோ" என்று கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் மகன் கெஞ்சுவதும் நோயாளியின் தொடையிலிருந்து நாளாந்தம் பலத்தை எடுத்துக்கொள்கின்றன. தூரத்திலிருக்கும் பிள்ளை அந்த அழைப்பில், "இண்டைக்குக் கதிரையில இருந்து எத்தனை தரம் எழும்பினீங்கள்?" என்று கேட்டால், அதுவே ஒரு மேற்பார்வை.

வாழ்க்கை முறையிலும் நேர்மையான பேச்சு தேவை. சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 70 பாகை மடிந்தால் போதும். படியேற 90 அளவில் வேண்டும். சாதாரண நாளாந்த வேலைகளுக்கு 110 பாகை போதும் என்று கொள்ளலாம். மாற்றிய முழங்கால் பொதுவாக எட்டுவதும் அவ்வளவுதான். குந்துவதற்கு அதைவிட நிறைய வேண்டும். ஆகவே குந்தும் மலசலகூடம், பாயில் சம்மணம் கட்டிப் பந்தியில் இருத்தல், பாத்திக்குள் குந்தியிருந்து களை பிடுங்குதல் ஆகியவை பெரும்பாலானோருக்குத் திரும்பி வராது. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்லிவிடவேண்டும். பின்னர் தெரியவரும்போதுதான் அது ஏமாற்றமாகி, அதிருப்திக் கணக்கில் சேர்கிறது. கொமட் வசதி வைத்தியசாலைக்குப் போகுமுன் வீட்டில் தயாராக இருக்கவேண்டும். நல்லூரில் அடி அழிக்கும் நேர்த்தி வைத்திருப்பவர்களின் மனக்கவலையையும் அற்பமாக நினைக்கக்கூடாது. முழந்தாளிடுவது செயற்கை மூட்டைப் பழுதாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வெளிப்பக்கத் தோலில் மரத்த உணர்வும் வலியும் இருப்பதால்தான் பலர் தவிர்க்கிறார்கள். ஆனால் விழுந்து கும்பிட்டு எழுந்து மறுபடி விழுவதற்கு ஆழமான மடிப்பும் தொடைப் பலமும் வேண்டும். தேர் வீதியில் நடந்து சுற்றுவதை நேர்த்தியாக மாற்றிக்கொள்வது நல்லது.

இனி இரண்டாவது அறிவுரை. எலும்பைப் பற்றியது. எல்லோரும் நம்பிக்கையோடு சொல்வதும் ஆதாரம் மிகக் குறைந்ததும் இதுதான்.

உலோகக் கவசம் பொருத்தியதும், அதுவரை தொடை எலும்பின் முனை தாங்கிவந்த பாரத்தின் ஒரு பகுதியை உலோகம் தாங்கத் தொடங்குகிறது. பாரம் படாத எலும்பு தன் அடர்த்தியை இழக்கும். அது எலும்பின் இயல்பு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மாற்றிய முழங்காலுக்கு மேலுள்ள தொடை எலும்பின் அடர்த்தி மூன்று மாதத்தில் 9 சதவீதம் அளவிலும் ஓராண்டில் 15 சதவீதம் அளவிலும் குறைந்திருந்தது. இரண்டாம் ஆண்டிலும் அது திரும்பி வரவில்லை. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் படுக்கையில் கிடந்தவர்கள் இல்லை. நடந்தவர்கள், மறுவாழ்வுப் பயிற்சி செய்தவர்கள். பயிற்சி அந்த இழப்பைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று நம்பவைக்கும் நல்ல ஆய்வு எதையும் நான் காணவில்லை.

பொதுவான எலும்புத் தேய்வுக்கும் நடை போதாது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் வெறும் நடையால் முள்ளந்தண்டு எலும்பின் அடர்த்தி காக்கப்படவில்லை என்பது தொகுப்பாய்வுகளின் முடிவு. எலும்பைக் கூட்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 101 பெண்களைக் கொண்டு எட்டு மாதம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு இரண்டு முறை அரை மணி நேரம் கடும் பாரம் தூக்கியும் குதித்து இறங்கியும் பயின்றவர்களின் இடுப்பு முள்ளந்தண்டில் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. மற்றக் குழுவில் 1.2 சதவீதம் குறைந்தது. இதைக் காட்டி, "பார், பயிற்சி எலும்பை வளர்க்கும்" என்று சிலர் எழுதுகிறார்கள். கீழ்க்கால் மூட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. நிபுணர் அருகில் நின்று நடத்திய அந்தப் பயிற்சியை, புதிய முழங்காலோடு கொக்குவிலில் தனியே இருக்கும் எழுபது வயது அம்மாவிடம் செய்யச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

ஆபத்து கற்பனையானதும் இல்லை. பிரித்தானிய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, முழங்கால் மாற்றியவர்களிடம் முதல் ஆண்டில் இடுப்பு எலும்பு முறிவு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்து, மூன்றாம் ஆண்டளவில் மற்றவர்களோடு சமமாகியது. சுவீடனில் உயர்வு மிகச் சிறியது. ஆனால் திசை ஒன்றே: சத்திரசிகிச்சைக்கு முன் குறைவாக இருந்த முறிவு, பின்னர் கூடியது. முறிவு நேர்பவர்களின் மொத்தத் தொகை சிறியது என்பதையும் சொல்லவேண்டும், வீண் பயம் தேவையில்லை. காரணமும் ஓரளவு விளங்குகிறது. வலியால் வீட்டோடு இருந்தவர் வலி நீங்கியதும் வெளியே வருகிறார். தசை இன்னும் பலவீனம். எலும்போ முன்னரே தேய்ந்திருக்கலாம். மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு எலும்பு கெட்டி என்ற பழைய நம்பிக்கையும் முழுதாகச் சரியில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் மூட்டு மாற்றுக்கு வந்த 200 பேரை ஆராய்ந்தபோது, கால்வாசிப் பேர் எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுக்கவேண்டியவர்கள். மருந்து கிடைத்தது 5 சதவீதத்தினருக்கு மட்டும். வசதி நிறைந்த அமெரிக்காவிலேயே இதுதான் நிலை. காரணம் பணமில்லை. யாரும் கேட்பதில்லை.

மருந்துகளின் பக்கம் ஆதாரம் பயிற்சியைவிடப் பலமானது. கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேற் போன்ற மருந்துகள், செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு இழப்பைக் குறைக்கின்றன என்று எழுமாற்றுத் தெரிவு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. 2011இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த பதிவாய்வு, இம்மருந்தை எடுத்தவர்களிடம் செயற்கை மூட்டை மீண்டும் மாற்றவேண்டிய தேவை ஏறக்குறைய பாதியாக இருந்தது என்றது. இதில் எச்சரிக்கை வேண்டும். ஒழுங்காக மருந்து எடுப்பவர்கள் மற்ற விடயங்களிலும் ஒழுங்கானவர்களாக இருக்கலாம். ஆகவே, முழங்கால் மாற்றிய எல்லோருக்கும் இம்மருந்து என்று சொல்ல ஆதாரம் போதாது. எலும்புத் தேய்வு உள்ளவருக்கு, அல்லது முறிவு அபாயம் கூடியவருக்கு, முழங்காலை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இது தேவை. முழங்கால் சத்திரசிகிச்சை, அவரைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு.

பாலும் குரக்கனும் கெட்டவையில்லை. நூறு கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. எள்ளு, முருங்கை இலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி எல்லாம் நம் சமையலறையின் பலம். ஆனால் உணவு, குறையை நிரப்பும். ஏற்கனவே தேய்ந்த எலும்பைத் திரும்பக் கட்டாது. விற்றமின் டியைப் பொறுத்தவரை, ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்பவர்களையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வில், நோர்வேயில் இருப்பவர்களின் அளவு மிகக் குறைவாக இருந்தது. புலம்பெயர்ந்த நாட்டில் முழங்கால் மாற்றும் நம் உறவினர்கள் இதைக் கட்டாயம் சோதிக்கவேண்டும். இங்கேயும் வெயில் நிறைய இருக்கிறது என்பதால் கவலையற்று இருக்கமுடியாது. மாதக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவருக்கு முற்றத்து வெயில் எட்டுவதில்லை.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை எல்லோருக்கும் இலகுவில் கிடைக்காது என்பது நியாயமான மறுப்பு. அதற்கு விடை இருக்கிறது. பிரித்தானியாவின் ஷெபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் கணிப்பு முறைக்கு இலங்கைக்கான பதிப்பும் உண்டு. காலியில் ரூகுணு பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் லேக்கம்வசம் இலங்கையருக்கு அதை எந்த வரம்பில் பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வயது, எடை, உயரம், முன்னர் எலும்பு முறிந்ததா, தாய் தந்தைக்கு இடுப்பு முறிந்ததா, புகைத்தல், மது, ஸ்ரீரொயிட் மருந்து, முடக்குவாதம் போன்ற சில கேள்விகள். அடர்த்தி அளவு இல்லாமலே அடுத்த பத்தாண்டு அபாயம் எவ்வளவு என்று கணிக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பதிவு செய்யும் நாளிலேயே கிளினிக்கில் கேட்டு எழுதிவிடக்கூடிய கேள்விகள் இவை.

அப்படியானால் பயிற்சிக்கும் எலும்புக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். எலும்பு முறிவது பெரும்பாலும் விழுவதால். தொடைப் பலமும் சமநிலையும் கூடினால் விழுவது குறையும். இந்த இடத்தில்தான் பயிற்சி தன் பெருமைக்கு உரியது. அதைக்கூட வீட்டின் நிலைமை கெடுத்துவிடலாம். பாசி பிடித்த கிணற்றடி, உயர்ந்த வாசற்படி, சுருண்ட பாய், இரவில் முற்றம் கடந்து போகவேண்டிய மலசலகூடம், தேய்ந்த செருப்பு. கிணற்றடியைச் சுரண்டிக் கழுவி ஒரு கைப்பிடி பதிப்பதற்கு ஒரு நாள் கூலியும் கொஞ்சம் சீமெந்தும் போதும். பெட்டி பெட்டியாகக் கல்சியம் மாத்திரை அனுப்பும் வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலில் இதைச் செய்விக்கவேண்டும்.

என் தீர்ப்பு இது. முழங்கால் மாற்றிய பின்னான மறுவாழ்வை யாழ்ப்பாணத்தில் வீட்டில் நடத்தலாம், அதில் தாழ்வு இல்லை. எழுதிய திட்டம், இரண்டாவது ஆறாவது வாரங்களில் ஒரு பார்வை, இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும். அவை இல்லாத வீட்டுப் பயிற்சி, கைவிடுதலுக்கு இட்ட வேறு பெயர். எலும்பைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பயிற்சியிடம் ஒப்படைப்பது பிழை. அதை வைத்தியர் தனியே, சத்திரசிகிச்சைக்கு முன்னரே கேட்டு, தேவைப்படுவோருக்கு மருந்தால் நடத்தவேண்டும்.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. செயற்கைக் காலைப் பொருத்துவதோடு வேலை முடியாது, அதில் நடக்கப் பழக்கவேண்டும் என்பதைப் போர்க்காலத்தில் யாழ். ஜெய்ப்பூர் நிறுவனம் போன்றவற்றின் வழியாக இந்த மண் கற்றிருக்கிறது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1867இலேயே 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். அப்படியிருக்க, முழங்கால் மாற்றிய ஒவ்வொருவர் கையிலும் தெளிவான தமிழில், பெரிய எழுத்தில், படங்களோடு ஒரு பயிற்சித் தாள் இருக்கவேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

வைத்தியர்கள் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது நீங்களே கேளுங்கள்: எனக்கு எலும்பு முறிவு அபாயம் எவ்வளவு? வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை எழுதித் தருவீர்களா? ஆறாவது வாரம் என்னை யார் பார்ப்பார்கள்? பதில் கிடைத்த பிறகு கையெழுத்திடுங்கள்.